நுழையும் முன்பே வெளியேறிய ஒளி

2000ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் லிஜுன் வாங், குஸ்மிச், டொகாரியு ஆகிய மூவரின் ஆய்வுக்கட்டுரை ஒன்று வெளிவந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த என்.இ.சி. ஆய்வு நிறுவனத்தில் அவர்கள் செய்த சோதனை இதுதான்: சீசியம் ஆவி நிரப்பிய, 6 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்பினார்கள். துடிப்பின் முகடு கலத்தின் வாசலுக்கு வந்து சேர ஏறக்குறைய 62 நானோ வினாடி மீதமிருந்தபோதே, மறுமுனையிலிருந்து ஒரு முகடு வெளியேறிவிட்டது. வடிவத்தில் அது நுழைந்த துடிப்பின் அச்சு அசலாகவே இருந்தது.

கட்டுரை அச்சேறும் முன்பே செய்தி வெளியே வந்துவிட்டது. ஒளியின் வேகத்தடை உடைந்தது என்ற பொருளில் பல நாட்டு நாளிதழ்கள் தலைப்பிட்டன. ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டார் என்று முடிவு கட்டியவர்கள் ஒரு பக்கம். இப்படி நடக்கவே முடியாது, அளவீட்டில்தான் எங்கோ கோளாறு என்று ஒதுக்கியவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் அந்தச் சோதனைக்கு நியாயம் செய்யவில்லை. அளவீடு சரியானது. சார்பியல் கோட்பாட்டுக்கும் அதனால் ஒரு கீறலும் விழவில்லை. இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பது எப்படி என்பதைப் புரிந்துகொள்ளும்போதுதான் இந்த இயற்பியலின் அழகு தெரிகிறது.

இதே போன்ற இன்னொரு பரபரப்பிலிருந்து இதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற ஆய்வுக் குழு, செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை ஏறக்குறைய 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோக்கள், ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட 60 நானோ வினாடி முன்னதாக வந்து சேர்ந்ததாக அறிவித்தது. சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை இணைப்புதான் அதற்கு முக்கியக் காரணம் என்று சில மாதங்களில் தெரிந்தது. அது பிழை. சீசியம் சோதனை பிழையல்ல; அதே வகை விளைவைப் பல ஆய்வகங்கள் பல பொருள்களில் மீண்டும் மீண்டும் கண்டிருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்த இரண்டு எண்களையும் ஒரே கூடையில் போடக் கூடாது.

முதலில் கவனிக்க வேண்டியது, இந்தச் செய்தியைச் சொன்னவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்ட ஓர் எண்: 3.7 மைக்ரோ வினாடி. அதுதான் அனுப்பப்பட்ட துடிப்பின் நீளம். வெற்றிடத்தில் ஒளி அந்த நேரத்தில் 1.1 கிலோமீட்டர் கடக்கும். அதாவது துடிப்பின் உடல் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். அது கடந்த கலமோ 6 சென்டிமீட்டர். ஏதோ குண்டு ஒன்று குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் பாய்ந்தது போன்ற படத்தை மனத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். முகடு வாசலை நெருங்கும்போது துடிப்பின் முன்பகுதி, நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு, கலத்தைக் கடந்து வெகுதூரம் போய்விட்டிருக்கும். 62 நானோ வினாடி முந்தல் என்பது துடிப்பின் அகலத்தில் 1.7 சதவீதம். சிறிய நகர்வுதான். ஆனால் 6 சென்டிமீட்டரைக் கடக்க ஒளிக்குத் தேவைப்படும் நேரம் வெறும் 0.2 நானோ வினாடி. அதைப்போல 310 மடங்கு நேரம் முந்தியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கலத்தின் குழு ஒளிவிலகல் எண் கழித்தல் 310 என்று எழுதினார்கள்.

குழு ஒளிவிலகல் எண் என்றால் என்ன? ஒரே அதிர்வெண் கொண்ட தூய அலைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதில் முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓயாமல் வந்துகொண்டிருக்கும். அந்த முகடுகள் நகரும் வேகம் கட்டத் திசைவேகம். துடிப்பு என்பது வேறு. நெருங்கிய அதிர்வெண்கள் கொண்ட எண்ணற்ற அலைகளைக் கூட்டினால்தான் துடிப்பு கிடைக்கும். எந்த இடத்தில் அந்த அலைகள் எல்லாம் ஒத்த கட்டத்தில் சேர்கின்றனவோ அங்கே துடிப்பின் முகடு. மற்ற இடங்களில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஊடகத்துக்குள் ஒவ்வோர் அதிர்வெண்ணும் தனித்தனி வேகத்தில் போகும்போது, அவை ஒத்துச் சேரும் அந்த இடமும் தன் வழியில் நகர்கிறது. அந்த இடம் நகரும் வேகமே குழுத் திசைவேகம். ஹாமில்டன் 1839இல் இதைத் தொட்டார்; ராலே பிரபு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை இயற்பியலின் அன்றாடக் கருவியாக்கினார்.

கணக்கு எளிது. ஒளியின் வேகத்தைக் குழு ஒளிவிலகல் எண்ணால் வகுத்தால் குழுத் திசைவேகம் கிடைக்கும். குழு ஒளிவிலகல் எண்ணுக்கு இரண்டு பகுதிகள்: ஒன்று, சாதாரண ஒளிவிலகல் எண், அதாவது வெற்றிடத்தில் ஒளியின் வேகம் ஊடகத்தில் அலை முகடுகளின் வேகத்தைப்போல எத்தனை மடங்கு என்பது. மற்றொன்று, அதிர்வெண் மாறும்போது அந்த எண் எவ்வளவு செங்குத்தாக மாறுகிறது என்பதை அதிர்வெண்ணால் பெருக்கிய தொகை. கண்ணாடியிலும் தண்ணீரிலும் அதிர்வெண் கூடக்கூட ஒளிவிலகல் எண்ணும் மெல்ல ஏறுகிறது. வானவில் நிறங்கள் பிரிவது அதனால்தான். அங்கே இரண்டாவது பகுதி கூட்டல் எண். துடிப்பு ஒளியைவிட மெதுவாகப் போகும். அந்தச் சரிவை மிகக் கடுமையாக்கினால் துடிப்பு தவழத் தொடங்கும். 1999இல் லேன ஹவ் குழுவினர் மிகக் குளிர்ந்த சோடியம் அணுக்களில் ஒளித்துடிப்பை நொடிக்கு 17 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

சரிவைத் திருப்பிப் போட்டால்? அதிர்வெண் கூடும்போது ஒளிவிலகல் எண் இறங்கினால், இரண்டாவது பகுதி கழித்தல் எண்ணாகிறது. இதற்கு முரண் நிறப்பிரிகை என்று பெயர். கொஞ்சம் இறங்கினால் குழு எண் 1க்குக் கீழே போகும். துடிப்பின் முகடு ஒளியை முந்தும். இன்னும் இறங்கி எண் சுழியானால் முகடு நுழையும் அதே கணத்தில் வெளியேறும். அதற்கும் கீழே போனால் குழுத் திசைவேகம் எதிர்மறையாகிவிடும். முகடு நுழையும் முன்பே வெளியேறும். இவற்றுக்கு நடுவே எந்த இடத்திலும் கணக்கு முறிவதில்லை, இயற்கையும் முறிவதில்லை என்பதுதான் முக்கியம். ஒளியின் வேகம் என்ற எல்லையை இந்த எண் எந்தச் சிரமமும் இல்லாமல் கடந்துபோகிறது. ஏனென்றால் அந்த எல்லை இதற்கு விதிக்கப்பட்டதே அல்ல.

முரண் நிறப்பிரிகை புதிதல்ல. ஒரு பொருள் ஒளியை உறிஞ்சும் அதிர்வெண்ணின் நடுவில் அது எப்போதும் இருக்கும். சிக்கல், அந்த இடத்தில் ஒளியையே பொருள் விழுங்கிவிடும் என்பது. 1970இல் காரெட், மெக்கம்பர் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள்: மென்மையான மணி வடிவத் துடிப்பு ஒன்று அத்தகைய பொருள் வழியே போனால், குழுத் திசைவேகம் எதிர்மறையாக இருந்தாலும் துடிப்பு வடிவம் குலையாமல் வெளிவர முடியும், மெலிந்து வரும், ஆனால் முன்கூட்டியே வரும். 1982இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் சூவும் வோங்கும் காலியம் பாஸ்பைடு படிகத்தில் அதைச் செய்தே காட்டினார்கள். இந்த சூதான் பின்னர் லேசரால் அணுக்களைக் குளிர்விக்கும் முறைக்காக 1997இல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் வெளிவந்த ஒளி உள்ளே போனதில் மிகச் சிறு பங்குதான். பின்பகுதியை உறிஞ்சிவிட்டு முன்பகுதியை மட்டும் விட்டால் முகடு முன்னே நகர்ந்ததுபோல் தெரிவதில் என்ன அதிசயம் என்று கேட்க இடமிருந்தது.

பிரின்ஸ்டன் குழுவின் சாமர்த்தியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர்கள் உறிஞ்சும் அணுக்களை விட்டுவிட்டு, ஒளியைப் பெருக்கும் அணுக்களை எடுத்துக்கொண்டார்கள். சீசியம் அணுக்களை ஒரே நிலைக்குக் கொண்டுவந்து, அவற்றின் மீது அதிர்வெண்ணில் மிகச் சிறிதே வேறுபடும் இரண்டு வலிமையான லேசர் கற்றைகளைப் பாய்ச்சினார்கள். ஒவ்வொரு கற்றையும் ராமன் சிதறல், அதாவது ஒளி சிதறும்போது அதன் அதிர்வெண் மாறும் நிகழ்வு, வழியாக ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒளியைப் பெருக்கும். திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கொல்கத்தாவில் கண்டுபிடித்த அதே சிதறல்தான், லேசரின் தூண்டலில் இங்கே பெருக்கியாக வேலை செய்கிறது. இரண்டு கற்றைகளால், அருகருகே இரண்டு பெருக்கக் கோடுகள் உருவாகின்றன. பெருக்கக் கோட்டின் நடுவில் ஒளிவிலகல் எண் ஏறும். அதற்கு வெளியே இறங்கும். இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் இரண்டின் இறக்கமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே உறிஞ்சல் இல்லை, பெருக்கமும் அதிகமில்லை. ஆனால் முரண் நிறப்பிரிகை மட்டும் கடுமையாக இருக்கிறது.

எவ்வளவு கடுமை? 1.9 மெகா ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் ஒளிவிலகல் எண் குறைந்தது வெறும் பத்து லட்சத்தில் 1.8 பங்கு. கேட்டால் ஒன்றுமில்லாதது போலிருக்கும். ஆனால் பயன்படுத்திய ஒளியின் அதிர்வெண் ஏறக்குறைய 350 லட்சம் கோடி ஹெர்ட்ஸ்; அது 1.9 மெகா ஹெர்ட்ஸைப்போல பதினெட்டு கோடி மடங்குக்கும் மேல். அந்தக் கடுகளவு இறக்கத்தை இந்தப் பெரிய எண்ணால் பெருக்கினால் 330ஐ ஒட்டி வருகிறது. சாதாரண ஒளிவிலகல் எண்ணான 1, அதன் முன் ஒரு பொருட்டே இல்லை. நேரத்தை நேரடியாக அளந்து பெற்ற 310உம், ஒளிவிலகல் எண்ணை அளந்து கணக்கிட்ட இந்த எண்ணும் இவ்வளவு நெருங்கி நிற்பதுதான் சோதனையின் உறுதி.

இப்போது கலத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெளியே துடிப்பின் ஏறுமுகம் மட்டும் கலத்துக்குள் வந்துகொண்டிருக்கும் நேரத்தில், வெளியேறும் முகப்பில் ஒரு முகடு உருவாகிறது. அங்கிருந்து ஒரு முகடு வெளியே முன்னோக்கிப் போகிறது. இன்னொன்று கலத்துக்குள் பின்னோக்கி நகர்கிறது. அதன் வேகம் ஒளிவேகத்தில் 310இல் ஒரு பங்கு, நொடிக்கு ஏறக்குறைய 970 கிலோமீட்டர். 62 நானோ வினாடியில் அது நுழைவாயிலை அடையும் அதே கணத்தில், வெளியிலிருந்து வரும் அசல் முகடும் அங்கே வந்து சேர்கிறது. இரண்டும் அங்கேயே முடிந்துபோகின்றன.

கணிதத்தின் விளையாட்டு என்று சிலர் இதைத் தள்ளிவிட்டார்கள். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பாய்ட் குழுவினர் 2006இல் அதை நேரிலேயே பார்த்தார்கள். எர்பியம் கலந்த ஒளியிழையில் எதிர்மறைக் குழுத் திசைவேகத்தை உண்டாக்கி, இழையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்து, ஒவ்வொரு நீளத்திலும் துடிப்பு எப்போது வருகிறது என்று அளந்தார்கள். அளவுகளை வரிசைப்படுத்தினால் இழைக்குள் முகடு வெளிமுனையிலிருந்து உள்முனையை நோக்கிப் பின்னோக்கி ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. அதே சமயம் ஆற்றல் எப்போதும் முன்னோக்கியே பாய்ந்தது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். முகடு ஒரு பக்கம் போகிறது, ஆற்றல் மறுபக்கம் போகிறது. முகடு என்பது ஒரு பொருளாக இருந்தால் இது நடக்க முடியாது.

முகடு ஒரு பொருள் அல்ல. தேர்த் திருவிழாவில் நான்கு வீதிகளிலும் கூட்டம் ஊர்ந்து போகும்போது, அதிக நெரிசலான இடம் எது என்று மாடியிலிருந்து பார்க்கலாம். முன்னால் சந்துகளிலிருந்து ஆட்கள் வந்து சேர, பின்னால் ஆட்கள் கலைந்து போக, அந்த நெரிசல் இடம் எந்த மனிதரின் நடையையும் மிஞ்சிய வேகத்தில் முன்னேறலாம். கூட்டம் முன்னோக்கி நடக்கும்போதே பின்னோக்கியும் நகரலாம். அந்த இடத்தின் வேகத்தை அளந்து, யாரோ ஒருவர் ஓடினார் என்று சொல்ல முடியாது. துடிப்பின் முகடும் அப்படித்தான். வெளியேறும் முகடு, நுழையும் முகட்டின் தொடர்ச்சி அல்ல. அது முன்னதாகவே உள்ளே வந்துவிட்ட ஏறுமுகத்திலிருந்து பிறந்தது. நான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: உள்ளே போகும் முகடு காரணம், வெளியே வரும் முகடு விளைவு என்று நாம் எடுத்துக்கொள்வதால்தான் விளைவு காரணத்தை முந்தியதாகத் தோன்றுகிறது. அந்த உறவு அங்கே இல்லவே இல்லை.

இதற்கு ஒரு கடுமையான சோதனையை மனத்துக்குள்ளேயே நடத்தலாம். பிரின்ஸ்டன் கலத்திலிருந்து முகடு வெளியேறிவிட்டது. அசல் முகடு வந்து சேர இன்னும் 30 நானோ வினாடி இருக்கிறது. அந்தக் கணத்தில் நுழைவாயிலை மூடிவிடுகிறோம். அசல் முகடு கலத்துக்குள் ஒருபோதும் நுழையாது. ஆனால் அதன் ‘பிரதி’ ஏற்கெனவே வெளியே போய்க்கொண்டிருக்கிறது. வராத முகட்டுக்குப் பிறந்த முகடு! வாயிலை மூடிய செய்தி மறுமுனைக்கு எப்போது தெரியும்? ஒளி 6 சென்டிமீட்டரைக் கடக்கும் 0.2 நானோ வினாடிக்குப் பிறகுதான்; அதற்கு முன்னால் அல்ல. அதன் பிறகு வெளிவரும் ஒளி மென்மையாக இறங்காமல் தாறுமாறாகக் குலையும். மணி வடிவத்தை முழுமையாக்கிக் காட்டும் கலத்தின் திறன் எல்லாம், துடிப்பு சொன்ன சொல் மாறாமல் மென்மையாக வரும் வரைதான்.

இந்தத் திறனுக்குப் பின்னால் இருப்பது எளிய கணிதம். உள்ளே வரும் அளவை அப்படியே வெளியிடாமல், அது மாறிக்கொண்டிருக்கும் வீதத்திலும் ஒரு பங்கைச் சேர்த்து வெளியிடும் கருவி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். துடிப்பு ஏறும்போது வீதம் கூட்டல்; வெளியீடு உள்ளீட்டைவிட உயர்ந்து நிற்கும். முகட்டில் வீதம் சுழி. இறங்கும்போது வீதம் கழித்தல். வெளியீடு உள்ளீட்டைவிடத் தாழும். வரைந்து பார்த்தால், வெளியீட்டின் முகடு உள்ளீட்டின் முகட்டுக்கு முன்னால் விழுந்திருக்கும். எதிர்காலத்தை அது அறியவில்லை. நிகழ்காலத்தின் போக்கிலிருந்து அடுத்ததை ஊகிக்கிறது. துடிப்பு மென்மையாக இருந்தால் ஊகம் பலிக்கிறது. சீசியம் ஆவியில் அணுக்கள் செய்வதும் சாராம்சத்தில் இதுதான்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நகானிஷி, சுகியாமா, கிதானோ ஆகியோர் 2002இல் இதை ஒரு சிறிய மின்சுற்றில் காட்டினார்கள். சில பெருக்கிகள், மின்தடைகள், மின்தேக்கிகள், இரண்டு எல்.இ.டி. விளக்குகள். ஒரு விளக்கு உள்ளீட்டைக் காட்டும், மற்றது வெளியீட்டை. வெளியீட்டு விளக்கு முதலில் உச்சம் தொட, உள்ளீட்டு விளக்கு பின்னால் வந்து சேர்வதை வெறும் கண்ணால் பார்க்கலாம். சில சென்டிமீட்டர் கம்பிக்குள் நடக்கும் இந்த முந்தலுக்கும் ஒளியின் வேகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இந்தச் சுற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது அதன் முன்னால் இருக்கும் வடிகட்டி. ஆளியை அழுத்தியதும் எழும் திடீர் மின்னழுத்தத்தை அந்த வடிகட்டிதான் மென்மையான துடிப்பாக்கி உள்ளே அனுப்புகிறது. அதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. எனவே வரிசை இதுதான்: முதலில் விரல் ஆளியை அழுத்துகிறது, பிறகு வெளியீட்டு விளக்கு உச்சம் தொடுகிறது, அதன் பிறகு உள்ளீட்டு விளக்கு. விரலை முந்தியது எதுவும் இல்லை.

அப்படியானால் எதற்குத்தான் அந்த வேக எல்லை? இந்தக் கேள்வியைப் பலரும் எண்ணுவதைவிட மிக முன்னதாகவே கேட்டுவிட்டார்கள். சார்பியல் கோட்பாடு பிறந்து இரண்டே ஆண்டுகளில், முரண் நிறப்பிரிகையில் அலைகள் ஒளியை முந்துகின்றனவே என்ற ஆட்சேபத்தை ஜெர்மன் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வீன் எழுப்பினார். 1907இல் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் அதற்கு விடை சொன்னார். 1914இல் அவரும் லியோன் பிரில்லுவனும் விரிவாக எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு கணம் வரை முற்றிலும் இருளாக இருந்து, அந்தக் கணத்தில் தொடங்கும் அலை. அதன் முகப்பு, அதாவது ‘இங்கே முதன்முதலாக ஏதோ வந்தது’ என்று சொல்லத்தக்க எல்லைக்கோடு, எந்த ஊடகத்திலும் ஒளியின் வெற்றிட வேகத்தில்தான் போகும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. காரணம் மிக எளிமையானது. முகப்பு வந்து தொடும் கணத்தில் ஊடகத்தின் எலக்ட்ரான்கள் ஓய்வில் இருக்கின்றன. அவற்றுக்கு நிறை உண்டு. அசைந்து கொடுக்க நேரம் வேண்டும். ஊடகம் விழித்துக்கொள்ளும் முன்பே முகப்பு கடந்துவிடுகிறது. அதன் கண்ணுக்கு எல்லாமே வெற்றிடம்தான். முகப்பைத் தொடர்ந்து மிக மெல்லிய முன்னோடி அலைகள் வருகின்றன. துடிப்பின் பெரிய உடல் அவற்றுக்குப் பின்னால்தான். சீசியம் கலத்தில் முகடு எவ்வளவு முந்தினாலும், தன் துடிப்பின் முகப்பை அது ஒருபோதும் முந்தவில்லை.

ஆனால் நடைமுறையில் அந்த முகப்பை அளப்பது கடினம். அது அவ்வளவு மங்கல். எனவே தகவலின் வேகம் என்று ஒன்றைச் சோதனையில் அளக்க முடியுமா என்ற கேள்வி நின்றுகொண்டே இருந்தது. 2003இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டேனியல் காதியேவும் ஸ்டென்னரும் நைஃபெல்டும் ஓர் அருமையான வழி கண்டார்கள். பொட்டாசியம் ஆவி வழியே இரண்டு வகைத் துடிப்புகளை அனுப்பினார்கள். இரண்டும் ஒரு குறிப்பிட்ட கணம் வரை அச்சு அசல் ஒன்றே. அந்தக் கணத்தில் ஒன்று சட்டென்று உயரும், அது ‘1’. மற்றது சட்டென்று தாழும், அது ‘0’. தகவல் பிறப்பது அந்தப் பிரியும் புள்ளியில்தான். சாதாரண மென்மையான துடிப்பை அவர்களுடைய ஆவி ஏறக்குறைய 27 நானோ வினாடி, அதாவது துடிப்பின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு முந்த வைத்தது. அது மிகப் பெரிய முந்தல். ஆனால் 1 வந்ததா 0 வந்ததா என்று வெளியே பிரித்தறியக்கூடிய நேரம் மட்டும், வெற்றிடத்தில் அறியும் நேரத்தைவிடச் சற்றுப் பிந்தியதே தவிர முந்தவில்லை. முகடு ஓடியது, செய்தி ஓடவில்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரில் குந்தர் நிம்ட்ஸ் 1990களில் மோட்சார்ட்டின் 40ஆவது சிம்பொனியை நுண்ணலையில் ஏற்றி, ஒளியைவிட 4.7 மடங்கு வேகத்தில் அனுப்பியதாகச் சொன்னதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இசை தகவல்தானே என்று அவர் கேட்டார். அவருடைய அளவீட்டை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மனிதச் செவிக்கு எட்டும் மிக உயர்ந்த சுரம்கூட ஓர் அதிர்வை முடிக்க 50 மைக்ரோ வினாடி எடுத்துக்கொள்கிறது. அவருடைய குழாயில் கிடைத்த முந்தல் ஒரு நானோ வினாடிக்கும் குறைவு. அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் இசை எப்படியும் நேர்கோட்டில்தான் போய்க்கொண்டிருக்கும். அடுத்து என்ன என்பதை ஊகிக்க எந்தக் கருவிக்கும் சிரமமில்லை. ஊகிக்கக்கூடியதில் புதிய தகவல் இல்லை. இசைக் கலைஞர் மனம் மாறி வேறு சுரத்தை எடுத்தால், அந்த மாற்றம் ஒளியின் வேகத்துக்கு மேல் போகாது.

முந்தலை விருப்பம்போல் கூட்ட முடியாதா என்ற கேள்வி இயல்பானது. கலத்தை நீளமாக்கலாம், பெருக்கத்தைக் கூட்டலாம். ஆனால் துடிப்பின் அதிர்வெண்கள் எல்லாம் அந்தக் குறுகிய பள்ளத்துக்குள் அடங்க வேண்டும். அதனால் துடிப்பு நீளமாகவே இருந்தாக வேண்டும். பள்ளத்தின் இரு கரைகளிலும் நிற்கும் பெருக்கக் கோடுகளோ, கலம் நீள நீள, படிமுறையில் அல்லாமல் பன்மடங்காகப் பெருக்கும். துடிப்பின் ஓரத்தில் இருக்கும் சிறு அலைவும், எங்கிருந்தோ வரும் இரைச்சலும் ஊதிப் பெரிதாகி அசல் துடிப்பை மூழ்கடித்துவிடும். எனவே துடிப்பின் சொந்த அகலத்தை ஒட்டியே முந்தல் நின்றுவிடுகிறது. பெருக்கம் இருந்தால் குவாண்டம் இரைச்சலும் உடன் வந்தே தீரும். அதை எந்தத் தொழில்நுட்பமும் நீக்க முடியாது. 2001இல் வாங் குழுவினரே, சியாவோ, மிலோனி ஆகியோருடன் சேர்ந்து இதைக் கணக்கிட்டார்கள்: முன்கூட்டி வரும் துடிப்பை இரைச்சலிலிருந்து நம்பிக்கையோடு பிரித்தறியக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், சமிக்ஞை ஒளியை முந்துவதில்லை.

இதனால் பயன் ஏதுமில்லை என்று நினைக்க வேண்டாம். முரண் நிறப்பிரிகையை லேசர் வளையத்துக்குள் வைத்தால், வளையம் சுழலும்போது ஏற்படும் சிறு அதிர்வெண் மாற்றம் பெரிதாகும்; திசையறியும் சுழல்மானிகளை இன்னும் நுட்பமாக்க இந்த வழியில் ஆய்வுகள் நடக்கின்றன. ஈர்ப்பலைக் கருவிகளில் ஆடிகளுக்கு இடையே ஒளியைத் தேக்கிவைக்கும் ஒளிக்குழிகளில் அதிக அதிர்வெண்களை ஒரே நேரத்தில் தங்கவைக்கும் திட்டங்களும் இதையே நம்பியிருக்கின்றன. மின்னணுவியலில், தேவையற்ற தாமதங்களை ஈடுகட்ட எதிர்மறைத் தாமதச் சுற்றுகள் வடிவமைக்கப்படுகின்றன.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டில் பால் லெட் குழுவினர் செய்து 2014இல் வெளியிட்ட சோதனை. குவாண்டம் முறையில் பின்னிப் பிணைந்த இரண்டு ஒளிக்கற்றைகளை உண்டாக்கி, அவற்றில் ஒன்றை மட்டும் இத்தகைய வேக ஊடகம் வழியே அனுப்பினார்கள். பிணைப்பு அறுபடவில்லை, இரண்டுக்கும் இடையிலான தொடர்பின் உச்சமும் சற்று முந்தி வந்தது. ஆனால் அந்தத் தொடர்பு சுமக்கும் தகவலின் முன்விளிம்பு முந்தவில்லை. பெருக்கம் சேர்த்த இரைச்சல், தகவலைத் தேய்த்து, முந்தலில் கிடைத்த லாபத்தைச் சரியாக அந்த இடத்தில் பறித்துக்கொண்டது. ஒப்பீட்டுக்காக அதே கற்றையை ஒளியை மெதுவாக்கும் ஊடகம் வழியே அனுப்பியபோது அப்படி ஒரு தடையும் எழவில்லை. தகவலின் முன்விளிம்பும் பின்விளிம்பும் சேர்ந்தே கணிசமாகப் பிந்தின.